கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதிய கமலாசனி அம்மையாருக்கு

சொன்னதைச் சொன்ன அளவிலேயே எழுதிய சீர்மிகு அம்மையே! சத்தியக்கடதாசிக்குச் சத்தியம் சேர்த்தவரே! கிளிநொச்சி மருதவனம் சட்ட உதவி நிலையத்தில் பதினைந்து ஆண்டுகள் மக்களின் வாக்குமூலங்களை எழுதி, இன்று ஓய்வுபெறும் திருமதி கமலாசனி தில்லைநாதன் அவர்களே! உங்களோடு பணியாற்றியோர் கூடி வாசித்தளிக்கும் மடல் இது.

காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வட்டக்கச்சியிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் வந்த தாய்மார் உங்கள் மேசைக்கு முன்னால் இருந்து அழுதபோது, தண்ணீர் கொடுத்து, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, பின் ஒன்றைத்தான் கேட்பீர்கள்: "அம்மா, இது நீங்கள் கண்டதோ, ஆரும் சொல்லிக் கேட்டதோ?" 'எல்லோரும்' என்று அவர்கள் சொன்னால் 'எத்தனை பேர்' என்பீர்கள், 'ஒருநாளும் இல்லை' என்றால் 'எந்தெந்த நாள் போய்ப் பார்த்தீர்கள்' என்பீர்கள். கல்நெஞ்சுக்காரி என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். எங்கள் கூட்டக் குறிப்பில் 'அனைவரும் ஏகமனதாக ஏற்றனர்' என்று எழுதியபோது, "பாறூக் தம்பி அப்ப நித்திரை. அவரை எப்பிடிச் சேர்ப்பீங்கள்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தவரும் நீங்களே!

அம்மையே! பாராட்ட வந்த இடத்தில் எங்கள் பழி ஒன்றையும் நாங்கள் வாசிக்க வேண்டியிருக்கிறது.

கண் சத்திரசிகிச்சைக்காக நீங்கள் வவுனியாவுக்குப் போயிருந்த இரண்டு கிழமைகளில் அன்னபாக்கியம் அம்மா வந்தார். போரின் கடைசி நாள்களில், சரணடைந்தவர்களை இராணுவம் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனபோது மகன் செந்தூரனைத் தொலைத்தவர். "பஸ்ஸில ஏறினது அவனைப் போலதான் கிடந்தது, பிள்ளை. முதுகுதான் கண்டனான்" என்றார். அந்தப் 'போல' வழக்கைக் கெடுத்துவிடும் என்று பயந்தோம். இரக்கம்தான், வேறொன்றும் இல்லை. 'என் மகன் பேருந்தில் ஏறியதை ஐயமின்றிக் கண்டேன்' என்று சத்தியக்கடதாசியில் நாங்களே எழுதினோம். படித்தவர்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவர் பெருவிரலை வைத்தார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, முகத்தைக் கண்டீர்களா என்று கேட்டார். "இல்லை ஐயா, முதுகுதான்" என்று அந்தத் தாய் உள்ளதைச் சொன்னார். அவர் வாய் சொன்ன உண்மையும் எங்கள் தாள் சொன்ன பொய்யும் முரண்பட்டன. சாட்சி நம்பத்தக்கதல்ல என்று, மகனைத் தேடித்தரக் கேட்ட மனு தள்ளுபடியானது. வாசலில் நின்று, "நான் போல எண்டுதானே சொன்னனான்" என்று அவர் எங்களைக் கேட்டார்.

திரும்பி வந்த நீங்கள் எங்களை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அவரது வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டெழுதினீர்கள். முதற் கடதாசியில் அவர் சொல்லாததைச் சேர்த்தவர்கள் நாங்களே என்று எங்கள் கைப்படவே எழுதுவித்து அதோடு இணைத்தீர்கள். வெட்கத்தோடுதான் ஒப்பமிட்டோம். புதிய மனு ஏற்கப்பட்டது. விசாரணைத் திகதியைச் சொல்லும் கடிதம் வந்தபோது அன்னபாக்கியம் அம்மா இறந்து ஒன்பது நாள்.

ஒருபோதும் தவறாதவர் என்று உங்களைப் புகழ்ந்தெழுதி, பின் வெட்டிவிட்டோம்; ஆதாரம் கேட்பீர்களே. எங்களுக்குத் தெரிந்தவரை, ஒரு சாட்சியின் வாயில் அவர் சொல்லாத சொல்லை நீங்கள் வைத்ததில்லை. இதைவிடப் பெரிய பட்டம் எங்கள் கையில் இல்லை. நூறாண்டு வாழ்வீர்கள் என்று உறுதிகூற எங்களால் முடியாது. கண்ணொளி குன்றாமல், உடல் நலம் குறையாமல், நீங்கள் நெடுநாள் வாழவேண்டும் என்று விரும்புகிறோம். இதை மட்டும் ஐயமின்றிச் சொல்வோம்!

கடந்த வெள்ளிக்கிழமை அன்னபாக்கியம் அம்மாவின் கோப்பை மூடித் தருமாறு உங்களிடம் கொடுத்தோம். அதன் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியதை வாசித்து அமர்கிறோம்:

'மனுதாரர் இறந்துவிட்டார். மகன் இறந்ததற்கு இந்தக் கோப்பில் ஆதாரம் எதுவும் இல்லை. மூடவில்லை.'

இவ்வண்ணம்,
உங்களுக்குக் கடன்பட்ட நிலையப் பணியாளர்,
நிரோஜா, பாறூக், கிருசாந்தன்
கிளிநொச்சி