குசினிக்குள்ளை மட்டும் செத்த சித்தப்பா

பராசக்திச் சின்னம்மாவுக்கு எங்கடை சனம் செய்தது பச்சை அநியாயம், அன்ரி! புருசன் உயிரோடை இருக்கிறாரெண்டு ஊர் முழுக்கத் தாங்களே சொல்லிக்கொண்டு, கலியாண வீட்டுக் குசினி அடுப்படியிலை மட்டும் அந்த மனுசியைக் கைம்பெண்ணாக்கிப் போட்டுதுகள். அநியாயமோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கோ... கொஞ்சம் அரக்கி இருங்கோ, என்ரை குடைக்கம்பி உங்கடை சீலையிலை கொழுவப்போகுது. ஆ, இப்ப சரி. நீங்களும் கீரிமலைக்கோ? நல்லதாப் போச்சு. இந்த பஸ் சுன்னாகத்திலை நிண்டு, றைவர் தேத்தண்ணி குடிச்சு, வெத்திலையும் போட்டுத்தான் வெளிக்கிடும். ஆறுதலாக் கதைக்கலாம். இந்தாங்கோ, கச்சான் கடலை.

எங்கை விட்டனான்? ஓம், சின்னம்மா. அப்பான்ரை தம்பி தியாகராசாச் சித்தப்பாவின்ரை மனுசி. குருநாகலிலை அவையளுக்கு ஒரு பலசரக்குக் கடை. கருவாடு, கயிறு, சவர்க்காரம், ரிபன் எல்லாம் ஒரே லாச்சிக்குள்ளை! சித்தப்பா அனுப்புற ரிபனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் எனக்குப் பின்னாலை பூனை வரும். சிரியாதேங்கோ, உண்மையாத்தான்.

போன ஆவணிக் கலவரத்திலை கடையும் போச்சு, வீடும் போச்சு. பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி தன்ரை அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சதாலை சின்னம்மா தப்பினா. அகதியளோடை கப்பலிலை வந்து காங்கேசன்துறையிலை இறங்கேக்கை அவவிட்டை ஒரு பெட்டியில்லை, மாத்துச் சீலையில்லை. கையிலை சித்தப்பாவின்ரை மூக்குக்கண்ணாடி மட்டும். "இதைப் பிடி, கடையைப் பூட்டிப்போட்டு வாறனெண்டு தந்திட்டுப் போனவர்" எண்டா. அவ்வளவுதான். பிறகு சித்தப்பாவைப் பற்றி ஒரு கதையுமில்லை.

இனித்தான் கூத்து. என்ரை சொந்த அக்கா மகாதேவிக்குத் தையிலை கலியாணம். அளவெட்டி மாப்பிள்ளை. எத்தினை சாதகம் திரும்பி வந்து, பேந்து பொருந்தின சம்பந்தம் தெரியுமே! சித்தப்பா செத்திட்டாரெண்டால் எங்கடை வீட்டுக்குச் சாவுத் தீட்டு, துடக்கு. துடக்கெண்டால் கலியாணம் நிக்கும். நிண்டால் மாப்பிள்ளை பகுதி, "சகுனம் சரியில்லை" எண்டு மெல்ல நழுவிடும். அதாலை எங்கடை கனகாம்பிகைப் பெரியம்மா இருக்கிறா எல்லோ, அப்பான்ரை தமையன்ரை மனுசி, அவ விறாந்தையிலை கதிரையைப் போட்டு, விசாரிக்க வாற சனத்துக்கெல்லாம், "தியாகு எங்கையாவது தேயிலைத் தோட்டப் பக்கமா இருப்பான், அவன்ரை சாதகம் எண்பது வயசு சொல்லுது" எண்டு தேத்தண்ணியும் குடுத்து அனுப்புவா. நல்லது. எனக்கும் சந்தோசம்தான். இருக்கட்டும் மனுசன்!

ஆனால் அன்ரி, பலகாரச் சூடு வந்துது. நாள் பாத்து அடுப்பு மூட்டி, சுமங்கலியள்தானே முதல் பணியாரத்தை எண்ணெயிலை போடவேணும்? அரிசி இடிச்சது ஆர்? சின்னம்மா. பயறு வறுத்தது ஆர்? சின்னம்மா. பாகு காய்ச்சினதும் அவதான். தாச்சியிலை எண்ணெய் கொதிச்ச உடனை பெரியம்மா, "பராசக்தி, நீ உதிலை இரு. கிட்ட வராதை. ஆரும் ஏதும் சொல்லுவினம்" எண்டா. சின்னம்மா பலகாரத் தட்டத்தை வைச்சிட்டுப் பின்வாசல் பக்கம் போனா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது! கம்பசிலை விவாதம் எண்டால் பெடியங்களே என்னோடை மேடை ஏற மாட்டாங்கள், அப்பிடிப்பட்ட நான் பாத்துக்கொண்டு நிப்பனே? குசினி நடுவிலை நிண்டு கேட்டனான்: "பெரியம்மா, சித்தப்பா இருக்கிறாரோ, செத்திட்டாரோ? ரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. செத்திட்டாரெண்டால் துடக்கு, கலியாணத்தை நிப்பாட்டுங்கோ. இருக்கிறாரெண்டால் சின்னம்மா வந்து முதல் பணியாரத்தைப் போடட்டும். விறாந்தையிலை உயிரோடை இருக்கிற மனுசன் குசினிக்குள்ளை வந்த உடனை எப்பிடிச் சாகிறார்?"

"கம்பசிலை உதைத்தான் படிப்பிக்கிறாங்களோ?" எண்டா பெரியம்மா. அயலட்டைப் பெண்டுகள் ஆளையாள் பாக்குதுகள். ஒருத்தி வாய்க்குள்ளை சிரிச்சவள். கடைசியிலை பெரியம்மா முகத்தை நீட்டிக்கொண்டு, "சரி, அவளே வந்து போடட்டும்" எண்டா. நான் ஓடிப்போய்ச் சின்னம்மாவின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து தாச்சிக்கு முன்னாலை விட்டனான். விவாதப் போட்டியிலை கப் அடிச்ச மாதிரித்தான், அன்ரி. எனக்கு அப்பிடி ஒரு புளுகம், சந்தோசம்.

சின்னம்மா பணியாரத்தை எடுத்தா. எல்லாரும் அவவின்ரை பொட்டையே பாத்துக்கொண்டு நிக்கினம். அவ மகாதேவி அக்காவைப் பாத்தா. பேந்து... என்னண்டு நடந்ததோ தெரியாது, கை தாச்சியிலை முட்டி எண்ணெய் விரலிலெல்லாம் பட்டிட்டுது. பணியாரம் நிலத்திலை! "ஐயோ, எனக்குக் கை சுட்டுப்போச்சு, அக்கா, நீங்களே போடுங்கோ" எண்டு பெரியம்மாவைப் பாத்துச் சொல்லிப்போட்டு வெளியிலை போயிட்டா. பெரியம்மாவின்ரை பெரிய கண்ணுத்தான் பட்டதெண்டு நான் அண்டு பகல் முழுக்க அவவைத் திட்டினனான். இண்டைக்கும் அவவோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.

இதென்ன, மல்லாகம் வந்திட்டுதே? இவ்வளவு கெதியா! ஏன் அன்ரி, கச்சானை அப்பிடியே கையிலை வைச்சுக்கொண்டிருக்கிறியள்?

கலியாணம் நல்லா நடந்துது. மாப்பிள்ளை நல்ல மனுசன், அக்காவுக்கு மேலாலை கதைக்கவும் தெரியாது. கலியாணம் முடிஞ்சுதெல்லோ, எங்கடை ஆக்களுக்கு இப்பத்தான் சித்தப்பா எல்லாப் பக்கத்தாலையும் செத்திருக்கிறார். உடம்பு கிடைக்கேல்லை எண்டு தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சவை. இண்டைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். அதுக்குத்தான் நானும் கீரிமலைக்குப் போறன். "திடீரெண்டு என்னண்டு செத்தவர்?" எண்டு பெரியம்மாவே கேக்கிறா, பாருங்கோ.

நான் கேக்கேலாது. எனக்குத் தெரியும்.

பலகாரச் சூடண்டு பின்னேரம் கிணத்தடியிலை வைச்சு, சின்னம்மாவின்ரை கையிலை தேன் பூசினனான். கொப்பளம் கொப்பளமாக் கிடந்துது. அப்பவும் எனக்கு வாய் நிக்கேல்லை. "நான் உங்களுக்காக எவ்வளவு வழக்காடினனான்! ஏன் சின்னம்மா விட்டுக்குடுத்தனீங்கள்? சித்தப்பா கண்ணாடியைத் தந்திட்டெல்லோ போனவர். அதுக்காகவெண்டாலும் திரும்பி வருவார்" எண்டனான். கண்ணாடியில்லாமல் அந்த மனுசன் பூட்டின்ரை ஓட்டையை எப்பிடிக் கண்டிருப்பாரெண்டு இவ்வளவு கதைக்கிற எனக்கு ஒருநாளும் ஓடேல்லை, அன்ரி.

சின்னம்மா குசினிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தா. பிறகு மெல்லச் சொன்னா:

"உரத்துக் கதையாதை பிள்ளை. உன்ரை அக்கான்ரை கலியாணம் முடியட்டும். கண்ணாடியை அவர் தரேல்லை. நான்தான் கழட்டி எடுத்தனான்."