ஈனெஸ் நகர் கடைசி வூட்டுச் சாவி

…அப்பிடி இல்ல தம்பி, அப்பிடி இழுத்தா இது ஜென்மத்துக்கும் தொறக்காது. லேசா தூக்கிட்டு இழுக்கணும். தூக்குங்க… இன்னும் கொஞ்சம்… ஆங்! தொறந்துச்சா? கையப் பாருங்க, கறுப்பாயிடுச்சு. எல்லாம் துரு. கடக்காத்து. பேண்ட்டுல தொடைக்காதீங்க, கற போவாது, அந்த வேப்பந்தழய பறிச்சுத் தொடைங்க. ஷார்லு ஒவ்வொரு தடவ வரும்போதும் இந்த கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சிட்டுதான் போறாரு பாவம். அவரு ஏரோப்ளேன் ஏறுறதுக்குள்ள இங்க உரிய ஆரம்பிச்சிடுது.

ஷார்லுன்றவருதான் இந்த வூட்டுக்காரரு. ஒங்க முத்தியால்பேட்டையில பொறந்தவருதான். அவுங்க அப்பாரு சொல்தா, பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு. இவரு இப்ப குடும்பத்தோட பிரான்சுலயே இருக்காரு. வயசான காலத்துல வந்து ஒக்காந்துக்கலாம்னு ஆசையா கட்டினாரு. அவரு சம்சாரம் அஞ்செலு, வந்து சுத்திப் பாத்துட்டு, ‘கன்னியம்மா, இங்க நீங்க எப்பிடி இருக்கீங்க?’ன்னு அன்பா கேட்டுச்சு. நானும் வெகுளியா சொன்னேன். எப்பிடி இருக்கேன்னு ஒன்னு உடாம சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே டவுனுல ஓட்டல்ல ரூம் எடுத்துக்கினு போயிட்டாங்க. சாவி எங்கைக்கு வந்துடுச்சு. அதோட சரி, நாந்தான் காவல்.

தம்பி பேரு என்னான்னீங்க? ஸாகிப்பா? நல்ல பேரு. வழி கண்டுபுடிக்க கஷ்டப்பட்டீங்களா? எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க! ஈனெஸ் நகர்னு போர்டு எழுதி நட்டு வச்சிருக்காங்க, மன பிரிச்சு வித்தவரு பொண்ணு பேராம். அந்தப் பேர சொன்னா ஆட்டோக்காரன் முழிப்பான். மல்லாட்டக்கொல்லன்னு சொல்லிப் பாருங்க, கண்ண மூடிக்கினு கொண்டாந்து உடுவான். வேர்க்கடல போட்ட கொல்லதான் இது. கொல்ல பூரா கல்லு நட்டுட்டான், பேர் வச்சிட்டான், வூடுன்னு கட்டினது நாங்க ஒன்னு, ஷார்லு ஒன்னு. அவ்ளோதான் நகரு!

அந்த ஹெல்மெட்ட ஜன்னல்ல வைங்க. கொழந்த மாதிரி இடுக்கிக்கினே இருக்கீங்க, யாரும் எடுத்துக்க மாட்டாங்க. இந்த ஹெல்மெட்டு கூத்து இருக்குதே! கருவடிக்குப்பம் வரைக்கும் நம்ம பாண்டிச்சேரி, தலையில ஒன்னும் வாணாம். அப்புறம் சவுக்குத் தோப்பாண்ட ரோடு வளையுது பாத்தீங்களா, அந்த வளைவு மட்டும் தமிழ்நாட்டுக்காரன் எடம். அங்க போட்டுக்கணும். தோப்பு தாண்டினா திரும்ப நம்ம எல்ல, கழட்டிக்கலாம். எங்க வூட்டுக்காரரு தெனம் தோப்புக்கு இந்தாண்ட நின்னு மாட்டுவாரு, அந்தாண்ட நின்னு கழட்டுவாரு. வூட்டுலேர்ந்தே போட்டுக்கினு போறதுதானன்னா, தல வேவுதாம். ஒருநா மறந்துட்டாரு, புடிச்சான் போலீசு. ‘சார், நான் பாண்டிச்சேரி’ன்றாரு இவரு. ‘நீ பாண்டிச்சேரிதாய்யா, ஒம் மண்ட இப்ப தமிழ்நாட்டுல இருக்குது’ன்றான் அவன்!

சிரிங்க, சிரிங்க. தெனம் போய் வந்தாத்தான் தெரியும்.

இப்ப நிக்கிறோமே, இந்த ரோட்டுக்கு அந்தாண்டயும் தமிழ்நாடுதான். அங்க கரண்டு போயிடும். எப்பப் போவும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. நமக்குப் போவாது. நல்லதுதானன்னு பாக்குறீங்க. எங்க நல்லது! அந்தாண்ட இருக்கிற பொம்பளைங்க எல்லாம் ஊற வச்ச அரிசிய தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்துடுவாங்க. என் கிரைண்டரு மூச்சு வாங்குது. அம்மாவாசைன்னு ஒரு ஆளு, செல்போன கொண்டாந்து சொருவிட்டு, சார்ஜ் ஏறுற வரைக்கும் சீரியலு பாப்பாரு. பாத்துட்டு கதை புரியலன்னு என்ன வேற கேப்பாரு. நான் மொதலேர்ந்து சொல்லணும். நீங்க குடி வந்தீங்கன்னா பாதி கூட்டம் ஒங்க வூட்டுக்கு வரும், எனக்குக் கொஞ்சம் கொறையும்.

வாங்க, உள்ள வாங்க. தும்மல் வருதா? அது மொளகாப்பா. கூடத்துல காய வச்சிருக்கேன். மிதிக்காம ஓரமா வாங்க. மாடியில போட்டா மழ வருதான்னு ஏறி ஏறிப் பாத்து முட்டி தேஞ்சிபோச்சு. இங்கன்னா ஃபேன போட்டுடலாம். அட, கண்ணுல தண்ணி வருது பாருங்க, தொடைச்சிக்கிங்க. அந்தக் கையால வாணாம்!

கூடம் நல்ல பெருசு. ரெண்டு ரூமு. சமையல் கட்டுல வெளிச்சம் சும்மா கொட்டும். அது கெடக்கட்டும், பாத்ரூம பாருங்க, இவ்ளோ நீள தொட்டி! படுத்துக்கினு குளிக்கிறதாம். அஞ்செலு கேட்டுச்சுன்னு வாங்கிப் போட்டாரு. இங்க வர்ற உப்புத் தண்ணியில படுத்து எழுந்தா கருவாடுதான். தம்பி, தம்பி, கிட்டப் போவாதீங்க! உள்ள கோழி அட காக்குது. கொத்திடும். என் கோழிதான். எங்க வூட்டுல பூன தொல்ல. இந்தத் தொட்டியில பூனைக்கு ஏற முடியல, வழுக்கி வழுக்கி உழுவுது. குஞ்சு பொரிச்ச ஒடனே காலி பண்ணிடுறேன். அது வரைக்கும் நீங்க பின்னாடி கெணத்தாண்ட குளிங்களேன், காத்தோட்டமா இருக்கும்.

வாங்க, வாசப்படியாண்ட போவலாம், காத்து வரும். எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க தெரியுமா இந்த வூட்ட? ஒருத்தரும் நெலைக்கல. ஜானகிராமன்னு ஒரு வாத்தியாரு. ரொம்பப் புடிச்சிருக்குன்னாரு. கூடத்துல நின்னு, பீரோ இங்க, கட்டிலு அங்கன்னு கைய கைய காட்டினாரு. சரி, பக்கத்துல வரப்போற மனுஷன், நாளைக்கு ‘ஏம்மா சொல்லல’ன்னு கேக்கக் கூடாதுன்னு, எல்லாத்தையும் சொன்னேன். பொழுது எறங்கிடுச்சு, சொல்லிக்கினே இருந்தேன். வூட்டுல கேட்டுட்டு போன் பண்றேன்னு போனாரு. அதோட சரி. வாசப்படி ராசி சரியில்ல தம்பி. வேற என்னான்னு சொல்றது? எங்க வூட்டுக்காரரக் கேட்டா என்னையே குத்தம் சொல்றாரு. ‘சாவிய மட்டும் குடு, வாயத் தொறக்காத. அன்னிக்கே ஆளு வந்துடும்’ன்றாரு. காலம்பற கூட சொல்லிட்டுதான் போனாரு. நான் என்னா பொய்யா சொல்றேன்? ஒன்னாவது பொய்யா?

ஆனா இந்தத் தடவ எனக்கே பயமா இருக்குது தம்பி. ஷார்லு போன்ல கறாரா சொல்லிட்டாரு. ‘இந்த வாரத்துக்குள்ள குடும்பம் வந்தா குடும்பத்துக்கு உடுங்க. இல்லன்னா கோவிந்தசாமி கேட்டுக்கினே இருக்காரு, அவருக்கே உட்டுடுறேன்’ன்னு. யாரு கோவிந்தசாமி? காலி பாட்டில் யாவாரி. வர்ற வழியில மூலையில பிராந்திக் கட பாத்திருப்பீங்களே. அந்தாண்டயிருந்து வருவானுவ, இந்தாண்ட குடிப்பானுவ, போற வழியெல்லாம் காலி பாட்டிலு. அதெல்லாம் அள்ளுறவரு. அவரு இந்த வூட்ட குடோனாக்கப் போறாராம்! நெனச்சுப் பாருங்க. எஞ் செவுத்துக்கு இந்தாண்ட கூடம் பூரா பாட்டிலு. லாரி வரும், ஏத்துவான், எறக்குவான், கலகலகலன்னு. அந்த நாத்தத்துல சோறு எறங்குமா?

எனக்கு மனுஷங்க வேணும்ப்பா. பாட்டிலு கிட்ட நான் என்னாத்தப் பேசுறது? எம் பொண்ண கடலூருல குடுத்துட்டேன். எங்க வூட்டுக்காரரு காலம்பற போனா இருட்டினப்புறம்தான் வர்றாரு. அரைக்க வர்றவங்க அரைச்சிட்டு தூக்கிக்கினு போயிடுறாங்க. மத்தியானத்துல இந்தக் கொல்லையில எம் மூச்சு எனக்கே கேக்கும். ‘அக்கா, ஒரு கொத்து கருவேப்பில’ன்னு இந்தச் செவுத்துமேல ஒரு கை நீளணும். ராத்திரி ஒரு கொழந்த அழணும். நான் எழுந்து வந்து, ‘வயித்து வலியா இருக்கும், வெத்தல வாட்டி வைடி’ன்னு கத்தணும். அவ்ளோதான் எனக்கு.

அதனாலதான் நீங்க போன்ல சொன்ன ஒடனே சந்தோஷமா இருந்துச்சு. ஒங்க சம்சாரம்… இஃப்ஃபத்தா? இஃப்ஃபத்து முழுவாம இருக்குது, அங்க வூட்டுல எடம் பத்தலன்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவுங்கதான்னு. பெரியாஸ்பத்திரி இங்கேர்ந்து கிட்டதான். வலி எடுத்தா டெம்போ புடிச்சா… டெம்போ வர்றதில்ல இப்ப. முன்ன வந்துக்கினு இருந்துச்சு, இதோ இந்த கேட்டாண்ட வந்துதான் திரும்பும். என்னா ஆச்சா? மத்தியானம் ஊரே கடைய சாத்திட்டு படுக்குற நேரம், இவன் வந்து பாம் பாம்னு அடிப்பான். ஆளே இல்லாத கொல்லைக்கு ஆரன் எதுக்குடான்னு ஒருநா போய்க் கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். சாவிய புடுங்கி அந்தப் பொதர்ல போட்டுட்டேன். அது ஒரு குத்தமா? மறுநாள்லேர்ந்து கருவடிக்குப்பத்தோட திருப்பிக்கினு போயிடுறான். ரோஷக்காரன்!

அந்தப் பொதருன்னதும் ஞாபகம் வருது. இருட்டினப்புறம் வெளிய வந்தீங்கன்னா மட்டும் கையில டார்ச் இருக்கணும். எதுக்கா? பாம்புதான். மொகம் ஏன் இப்பிடி மாறுது? அது ஒன்னும் பண்ணாது தம்பி. எங்களுக்கு முன்னாடியே இங்க குடியிருக்குது, அதுதான பழைய ஆளு. மல்லாட்டக் கொல்லையில எலி இருக்கும், எலி இருந்தா அது இருக்கும். போன மழைக்கு இந்த வாசப்படி சந்துல படுத்துக்கினு இருந்துச்சு, இதோ நீங்க நிக்கிறீங்களே அங்கதான். நான் பால் பாக்கெட்டு எடுக்க குனியிறேன், அது தலையத் தூக்கிப் பாக்குது. நானும் பாக்குறேன். ‘போம்மா’ன்னேன். போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. அம்மாவாசைய மட்டும் ஒரு தடவ. அவரு மேலதான் தப்பு, மிதிச்சிட்டாரு. பொழச்சிட்டாரே! சீரியலு பாக்க வர்றாரே!

ஒக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? இருங்க, டீ போட்டாறேன். முழுவாம இருக்கிற பொண்ணுக்கு நாலு முருங்கக்காயும் பறிச்சுத் தர்றேன், எடுத்துக்கினு போங்க. ஒரு நிமிஷம். நீங்க சுத்திப் பாத்துக்கினு இருங்க, நான் எங்க வூட்டுலேர்ந்தே பேசுறேன், நல்லா கேக்கும்.

…தம்பி! கேக்குதா! சக்கர தூக்கலா போடவா? வர்றீங்கன்னா இந்த வெள்ளிக்கெழமயே பால் காய்ச்சிடலாம்! மொளகாய இன்னிக்கே வாரிடுறேன்! கோழியக் கூட கூடையோட தூக்கியாந்துடுறேன், பூனைய நான் பாத்துக்குறேன்! தம்பி? பாம்புக்குக் கூட ஆளு இருக்குது, சொன்னா வந்து புடிச்சிக்கினு போவான், நாந்தான் பாவம்னு சொல்லல! தம்பி…? யாரு வண்டிய ஸ்டார்ட் பண்றது?

தம்பீ! ஏ ஸாகிப்பு தம்பி! அட, டீ… முருங்கக்கா…

ஐயய்யோ, ஹெல்மெட்ட ஜன்னல்லயே உட்டுட்டுப் போறாரே! தம்பி, மண்ட! மண்ட! தோப்பாண்ட போலீசு நிப்பான்!

போயிட்டாரு. தூசி தெரியுது. சொல்லிட்டாவது போவக் கூடாதா? பாரேன், நல்ல புள்ள மாதிரி இருந்துச்சு. ராசி. எல்லாம் இந்த வாசப்படி ராசி.

யாரது, கேட்ட ஆட்டுறது? தூக்கிட்டு இழு… ஓ. நீங்களா. வாங்க கோவிந்தசாமி. ஷார்லு பாக்கச் சொன்னாரா? சரி. இந்தாங்க சாவி. தொறந்துதான் இருக்குது, போய்ப் பாத்துக்குங்க. ஒங்ககிட்ட பேச எனக்கு ஒன்னும் இல்ல. நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க வூட்டுக்காரரு சொன்னது சரிதான், எனக்கு எதுக்கு ஊரு வம்பு. போங்க, போய்ப் பாருங்க.

…

…

என்னா அதுக்குள்ள வந்துட்டீங்க? என்னாது? புடிச்சிருக்கா? எது புடிச்சிருக்கு? மொளகா நெடி… ஒங்களுக்குத் தும்மலே வரலியா? தொட்டியா? எந்தத் தொட்டி? பாட்டில் கழுவறதுக்குன்னே கட்டி உட்டா மாதிரி இருக்குதா! கோழிய தூக்கி வெளிய உட்டுட்டீங்களா! எல்லையில இருக்குறது ரெண்டு பக்கத்துக்கும் தோதா? டெம்போ வராதது லாரி திருப்ப வசதியா?

இருங்க, இருங்க. ஷார்லுக்கா போன் போடுறீங்க? இப்பவேவா? அவருக்கு இப்ப அங்க தூக்க நேரம். வைங்க சொல்றேன், அந்த செல்ல கீழ வைங்க. எதுக்கு இந்த அவசரம்? எத்தினி நாளா பழக்கம் நாம, வந்தா ஒரு வார்த்த பேசாமயா போவீங்க? இப்பிடி வாசப்படியில ஒக்காருங்க… அங்க இல்ல, அந்தச் சந்தாண்ட, ஆங். இந்தாங்க டீ. சூடா இருக்குது, மெதுவா குடிங்க.

ஒன்னு கேக்குறேன் கோவிந்தசாமி… இந்த வூட்டு பாம்பு சங்கதிய ஒங்களுக்கு யாரும் சொல்லவே இல்லியா?