பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பு

"ஹலோ... ஹலோ, செல்வகணேஷ் சார் இருக்காரா... வீட்லேருந்துதான்... ஓ, நீதுவோ... ம்... சுகந்தன்னே, நல்லாருக்கேன்... இல்ல, அவரோட போன் இங்க கடையில கெடக்கு, அதான் ஆபீஸ் நம்பருக்கு அடிச்சேன். அவருகிட்ட போனை ஒன்னு கொடுக்காமோ... சரி, நிக்கேன்."

கிழக்கேகோட்டையில், செல்போன் கடை கவுண்டருக்கு முன்னால், உலகம்மை தன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். விழிஞ்ஞத்தில் துறைமுகத்தை ஒட்டி அவள் புருஷன் செல்வகணேஷ் வேலை பார்க்கும் சரக்கு ஏஜென்சியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பது இந்த நீதுதான். இப்போதும் அவள் அவரை அழைத்த குரல் மறுமுனையில் கேட்டது. அந்தக் குரலின் இழுப்பு உலகம்மைக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க... நாந்தான்... அவசரம்லாம் இல்ல. உங்க மேசையில இருக்க போனை அவ எதுக்கு எடுக்கா... சரி, விடுங்க. நீங்க காலையில கொடுத்துட்டுப் போன போனுக்கு ஸ்கிரீன் கார்டு இன்னும் ஒட்டல... ஆமா, நான் வாங்கிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். எதை ஒட்டணும்னு இவரு கேக்காரு."

கடைக்காரர் சுஜித் மூன்று பாக்கெட்டுகளை எடுத்து வைத்திருந்தார். நடுவில் செல்வகணேஷின் புதுப் போன். இரண்டு ஓரமும் தண்ணீர் வழிவதுபோல வளைந்து கீழே இறங்கியிருந்தது.

"கண்ணாடி சரிப்படாதுங்காரு... ஆமா, டெம்பர்டுதான்... ஓரம் வளைஞ்சிருக்குல்லா, சாதா கண்ணாடி ரெண்டு பக்கமும் தூக்கிக்கிடுமாம், தூசி போயிருமாம்... பசை ஊத்தி லைட் அடிச்சு ஒட்டுறதும் இருக்காம். பசை ஸ்பீக்கருக்குள்ள எறங்கிட்டா அவ்ளோதானாம்... ஃபிலிம்தான் இதுக்கு நல்லதாம், வளைவோட வளைவா ஒக்காந்துக்கிடுமாம்... ம்... ம்... இருங்க. நான் கூப்பிட்டது அதுக்கில்ல. நீங்க பிரைவசி ஃபிலிம் கேட்டியளாமே."

அந்த ஃபிலிமை சுஜித் வேறொரு போனில் ஒட்டிக் காட்டியிருந்தார். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் திரை கறுத்துப்போனது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதற்குத்தான் இது என்று அவர் மலையாளத்தில் விளக்கினார். தன் புருஷனுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று உலகம்மை யோசித்துப் பார்த்தாள். கட்டிலில் அவருக்கு இடப்பக்கம் அவள்தான் படுக்கிறாள்.

"பஸ்லயா... பஸ்ல எட்டிப் பாக்கானுவளா... நீங்க பைக்லல்லா போறிய... ஆபீஸ்லயா. ஆபீஸ்ல உங்க பக்கத்துல இருக்கது நீதுதானே. அவ பாக்கக்கூடாதா, இல்ல நான் பாக்கக்கூடாதா... சிரிக்காதிய. சிரிச்சு மழுப்பாதிய, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

பேச்சு போகும் போக்கு புரியாமல், உதவி செய்வதாக நினைத்து சுஜித் குறுக்கே வந்தார். சார் போன் வாங்கிய அன்று கூட வந்த மேடத்துக்கும் இதே மாடல்தான், அவர்கள் சாதா ஃபிலிம்தான் ஒட்டினார்கள், இன்றுவரை ஒரு புகாரும் இல்லை என்றார். அவருக்குச் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உலகம்மை குரலைத் தாழ்த்தினாள்.

"போன் வாங்க யாரு கூட வந்தா... இல்ல, இவரு சொல்லுதாரு, ஒரு மேடம் வந்தாங்கன்னு... எங்கிட்ட தனியாப் போனேன்னியளே... ஓ, நீதுவா. அவளும் அன்னைக்கு வாங்குனாளா. ரெண்டு பேருக்கும் ஒரே மாடலா. நல்லாருக்கு... நான் என்ன நெனைக்கணும். நீங்களே சொல்லுங்க, என்ன நெனைக்கணும்... வெயில்ல வேகுது ஊரு, நீங்க கொஞ்ச நாளா சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டுத் திரியிய. கேட்டா ஸ்டைலுங்கிய. யாருக்குக் காட்ட அந்த ஸ்டைலு... எனக்காவா. நான் என்னைக்குக் கேட்டேன்... நான் ஒண்ணும் சத்தம் போடல. கடையில நிக்கேன், மெதுவாத்தான் பேசுதேன்."

சுஜித் ஒரு துணியால் போனைத் துடைத்தார். திரை வெளிச்சமானது. காலையில், அவர் ஆபீஸ் போய்ச் சேருவதற்கு முன் வந்த ஒரு செய்தி மேலேயே நின்றது. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள் உலகம்மை. அந்த ஒரு வரியை வாசிக்க அவளுக்குக் கண் சிமிட்டும் நேரம் போதுமாயிருந்தது. நீது அனுப்பியிருந்தாள். நாளை காலையில் வண்டியோடு வருகிறேன், சேச்சியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க... நாளைக்குக் காலையில எங்க போறிய... வேலைக்கா. சரி. யாரு வண்டியில... பொய் சொல்லாதிய. வந்து கெடக்கு இங்க மெசேஜு, நான் வாசிச்சிட்டேன்... ஆமா, நீது அனுப்புனதுதான். அந்தச் சேச்சி நான்தானே... எங்கிட்ட என்னத்தைச் சொல்ல வேண்டாம்... இல்ல, வீட்ல வந்து சொல்ல வேண்டாம். இப்பம் சொல்லுங்க. அவ பக்கத்துலதான இருக்கா, அவளையும் வச்சுக்கிட்டே சொல்லுங்க."

அவர் நீதுவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பது மறுமுனையில் கேட்டது.

"ஹலோ... லைன்ல இருக்கியளா... ம்... ம்... என்னது... திருப்பிச் சொல்லுங்க... கட்டியா... எங்க, கழுத்துலயா."

உலகம்மை கடையை விட்டு இறங்கி வெளியே வந்தாள். சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"காலருக்குக் கீழயா... அதுக்குத்தான் பட்டனைப் போட்டு மறைச்சியளா... வலிக்கா... வலிக்கலன்னா... எத்தனை பெருசு... நெல்லிக்காய் அளவா. ஐயோ... இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சொல்லுங்க... ம்... ஊசி குத்தி எடுத்துப் பாக்கணுமா... நாளைக்கா... டாக்டர் என்ன சொன்னாரு... பாக்காம எதுவும் சொல்ல முடியாதுன்னா சொன்னாரு... ஆங், சாதாக் கட்டியாவும் இருக்கலாம்... ஆமா, இருக்கலாம்."

அவளுடைய அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியவள் அவள்தான். காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். செல்வகணேஷ்தான் பிசைந்து ஊட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அவளை மனுஷியாக்கினார்.

"அப்பாவை நெனச்சா சொல்லல... ஆமா, நான் ஒடஞ்சுதான் போனேன். இல்லன்னு சொல்லல. அதுக்காக இதை நீங்க ஒத்தையில சொமப்பியளா... ஒத்தையில இல்லியா. அதான் கேக்கேன், அவளுக்கு எப்படித் தெரியும். நீங்களா சொன்னியளா... பின்ன... அவளா பாத்தாளா. அவதான் மொதல்ல பாத்தாளா."

பொறாமை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இத்தனை நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு, இன்னும் ஆழமான இடத்தில் போய்க் குத்தியது. ஒரே தலையணையில் தலை வைத்துப் படுக்கிறவள் அவள். அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பவள் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் கண்ணுக்குத் தெரிந்தது, தன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர் சிரித்தாரா, யாரோடு சிரித்தார், யாரைப் பற்றிப் பேசினார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், கழுத்தைப் பார்க்கவில்லை.

"நான் என்னத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்... உங்களச் சொல்லல, என்னையச் சொல்லுதேன்... அழல. பஸ் சத்தம் அது... ஆமா, சந்தேகப்பட்டேன். நிறைய சந்தேகப்பட்டேன். நீங்களும் ஒளிச்சிய, சரிக்குச் சரி ஆயிட்டு... வண்டி மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க, கேட்டியளா."

சுஜித் வாசல் வரைக்கும் வந்து, கையிலிருந்த இரண்டு ஃபிலிம் பாக்கெட்டுகளையும் தூக்கிக் காட்டினார்.

"சாதா ஃபிலிம் மதி சேட்டா, அது போதும். பிரைவசி வேண்டா. ஓரம் நல்லா ஒட்டியிருக்கணும், பொங்கி வரக்கூடாது... ஆங், உங்களத்தான், லைன்ல இருங்க. சாதாதான் ஒட்டச் சொன்னேன். படுத்துக்கிட்டு நீங்க என்ன பாக்கியளோ, அதை நானும் பாப்பேன்... சரி. நீதுகிட்ட கொடுங்க... சண்டை போடமாட்டேன். கொடுங்கன்னா கொடுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதது அவள் குரலில் தெரியக்கூடாது.

"நீது... ம்... நீ எந்தினா கரையுந்நே, அழாத... தேஷ்யம் இல்ல, கோவம்லாம் இல்ல... இல்ல, உண்டு. கொஞ்சம் உண்டு. கள்ளம் பறயான் எனக்கு வராது, பொய் சொல்லத் தெரியாது... அவரு சொல்ல வேண்டான்னா நீ கேப்பியா... ம்... சரி. நீ கண்டது நன்னாயி. நான் காணல. அது எனக்குத் தீராது, ஆனா நீ கண்டது நன்னாயி... நாளைக்கு வண்டி எடுக்க வேண்டா. நான் போறேன் கூட... இல்ல, நீயும் வரண்டா. நான் போதும்... எனக்கு ஒண்ணும் ஆவாது, ஆஸ்பத்திரியை நான் நிறையக் கண்டுட்டேன். டாக்டர் பேரு, எந்த மாடி, எல்லாம் மெசேஜ் அனுப்பு. எனக்கு அனுப்பு, அவருக்கு இல்ல... பின்ன ஒரு காரியம். இனி அவரு மேல எதாவது உன் கண்ணுல பட்டா, எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்... ஆமா. அவருக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்... அதே, அதே... அவருக்கா. இனி கொடுக்க வேண்டா. வீட்டுக்கு வரட்டும், நான் நேர்ல பாத்துக்கிடுதேன்."

நீது மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உலகம்மை போனை வைத்துவிட்டாள்.