பெயர் தெரியாதவளின் இடுப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏறிய கிள்ளான் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு பொழுதன்னைக்கும் இன்னொருத்தி இடுப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு, அக்கா.”

அக்கா கடலை தின்பதை நிறுத்தினாள். “யாரு லா அவ?”

“பேரு தெரியாது. ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்து, குனிய வச்சு எக்ஸ்ரேயும் எடுத்தாங்களாம். அவ இடுப்பெலும்ப அப்படியே கம்ப்யூட்டர்ல செஞ்சு, யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றாரு.”

“அட, எலும்புதானே!”

“நெசத்துல அவ நல்லா வளையுறா, கம்ப்யூட்டர்ல விறைப்பா நிக்குதாம். ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் இவருக்குச் சோறு இறங்காது. நேத்து எலும்புக்கு நடுவுல உள்ள டிஸ்க்க கொஞ்சம் இளக்கிவிட்டாராம், கிட்ட வந்துருச்சாம். அதச் சொல்றப்ப அந்த மூஞ்சில சிரிப்பப் பாக்கணுமே! கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிச் சிரிக்கல.”

“ஒன்னோடத எடுத்துக்கச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே. ‘ரெண்டு புள்ள பெத்த இடுப்பு, என் கணக்குக்கு ஒத்துவராது’ன்னுட்டாரு.”

அக்கா கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

கிள்ளான் வந்தது. காலடியில் இருந்த, காய்கறி நிரம்பிய பாசார் பையை எடுக்கக் குனிந்த அந்த மனைவி, பாதியிலேயே நின்று முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பையை அக்காதான் எடுத்துக் கொடுத்தாள்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“சின்னவன் பொறந்ததுலேர்ந்து. மொதல்ல கேட்ட ஆளு நீங்கதான், அக்கா.”