நன்னிலத்தில் பனி

பகலவன்: …அதுக்கும் அசரலையேடா நம்ம ஐயாறோட அப்பா. கையில பிரம்போட டிவி பக்கத்துல போயி நின்னாரு பாரு.

சித்தீக்: பிரம்பு இல்ல மாப்ள, ஆன்டெனாக் கம்பி. அதுவும் என் வீடியோ கடையிலேருந்து எடுத்துட்டுப் போனது.

பகலவன்: ஏதோ ஒண்ணு. புள்ள அமெரிக்காவுலேருந்து அனுப்பின கேசட்டு, திரையில கோடு கோடா ஓடுது. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. இவரு கம்பியால தொட்டுக் காட்டி, "இதுதான் எங்க ஐயாறப்பன் வீட்டு முன்வாசல்"ங்கறாரு.

சித்தீக்: "சுத்தி வெள்ளையா தெரியுது பாருங்க, அதான் பனி."

பகலவன்: கூட்டமே "ஓ"ன்னுச்சு.

சித்தீக்: பின்ன? கூட்டுறவு சொசைட்டிக்கு செக்ரெட்டரியா இருந்தவரு சொல்றாரு. அமெரிக்காப் பனி எப்படி இருக்கும்னு நன்னிலத்துல எவன் பார்த்தான்?

பகலவன்: ரைஸ்மில்காரரு மட்டும் வாயைத் திறக்கலைன்னா விடிய விடிய நம்பியிருப்பானுங்க.

சித்தீக்: அவரு மரியாதையாத்தான் கேட்டாரு. "ஐயா, முன்வாசல்ல பெய்யுது, சரி. இப்ப அடுப்பங்கரைங்கறீங்க… அங்கயும் பெய்யுதே?"

பகலவன்: ஹஹ்… இருடா, புரையேறிடுச்சு…

சித்தீக்: மெதுவாக் குடி. அது சரி, போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வெளிநாட்டுக் கம்பெனியை உள்ள விடற டங்கல் திட்டத்தை எதிர்த்து மைக் புடிச்சியே. "அந்நியக் கோலாவை நம் மண்ணில் அனுமதியோம்"னு. இப்ப கையில இருக்கறது என்ன?

பகலவன்: நீதானடா வாங்கிக் குடுத்தே. நட்புக்காகக் குடிக்கறேன்.

சித்தீக்: நட்புக்காக ரெண்டாவது பாட்டிலா?

பகலவன்: பேச்சை மாத்தாத. குரலைச் சொல்லு, குரலை.

சித்தீக்: அய்யய்யோ, ஐயாறு குரல்… கிணத்துக்குள்ள விழுந்த எருமை மாதிரி, "ம்ம்ம்மாஆஆ"ன்னு…

பகலவன்: அதுக்கும் விளக்கம் வச்சிருந்தாரே. "குளிர் தேசத்துல தொண்டை கட்டையாயிடும், நாளாக நாளாக வெள்ளைக்காரன் குரல் வந்துரும்."

சித்தீக்: வெள்ளைக்காரன்லாம் இவனை அப்பன்னுதான் கூப்பிடறானாம், தெரியுமா? முழுப் பேரு வாயில நுழையலயாம். ஆபீஸ் மொத்தமும் "மிஸ்டர் அப்பன், மிஸ்டர் அப்பன்"னு சுத்துதாம்.

பகலவன்: அதை எங்கிட்ட மட்டுமா சொன்னாரு? சலூன்ல, பால்காரர்கிட்ட, எங்க பழைய ஹெட்மாஸ்டர்கிட்ட… "என் பையன் அமெரிக்காவுக்கே அப்பன்." கேக்கக் கேக்க எரியுதுடா எனக்கு. யாருடா அவன்? பிசிக்ஸ் ரெக்கார்டுல லென்ஸ் படம் போடத் தெரியாம என் முதுகுக்குப் பின்னால உட்கார்ந்திருந்தவன். நான் டியூஷன் சென்டர்ல சாக்பீஸ் தின்னுக்கிட்டு இருக்கேன், அவன் அமெரிக்காவுக்கு அப்பன்.

சித்தீக்: ஒனக்காவது ரெக்கார்டு நோட்டோட போச்சு. என் கதையைக் கேளு. எங்க தெருவுல வெளிநாடு போயி வந்த சபராளி வீடுன்னா எப்படி இருந்துச்சு? நான் ஷார்ஜாவுலேருந்து வந்து இறங்கினப்ப டாக்ஸி நிக்க இடமில்ல. அவ்ளோ கூட்டம். கம்பளியத் தடவிப் பாக்கறவன், செண்டை மோந்து பாக்கறவன், டார்ச்சை பட்டப்பகல்ல அடிச்சுப் பாக்கறவன்…

பகலவன்: நானும் வந்தேன். கோடாலித் தைலம் குடுத்தே. சின்ன பாட்டில்.

சித்தீக்: அதை இன்னும் மறக்கலையா நீ?

பகலவன்: ஐயாறுக்குப் பெரிய பாட்டில் குடுத்தியே, அதை மட்டும் எப்படி மறப்பேன்?

சித்தீக்: அப்ப அவங்கப்பா சொசைட்டி செக்ரெட்டரி. சரி விடு. நான் என்ன சொல்ல வந்தேன்னா… இப்ப ஷார்ஜான்னா எவனும் திரும்பிக் கூடப் பாக்கமாட்டேங்கறான். "அமெரிக்கா இல்லையா, அரபு நாடுதானா?"ங்கறான். எங்க மச்சினிச்சி மெஹராஜ் பேகமே கேக்குது, "நீங்க அங்க என்ன வேலை பார்த்தீங்க மச்சான்?"னு. இத்தன வருஷம் கழிச்சு.

பகலவன்: சூப்பர்வைசர்னுதானே சொன்னே?

சித்தீக்: ஆமா. சூப்பர்வைசர்தான்.

பகலவன்: லாண்டரியில.

சித்தீக்: …லாண்டரிக்கும் சூப்பர்வைசர் உண்டு. ஒன் கக்கத்துல என்ன புஸ்தகம்? கட்சிப் பத்திரிகையில அட்டை போட்டுருக்கு?

பகலவன்: ஒண்ணுமில்ல.

சித்தீக்: காட்டு… டோஃபல் கைடு. "ஏகாதிபத்தியமே வெளியேறு"ன்னு மேல அட்டை, உள்ள அமெரிக்கா போறதுக்கு இங்கிலீஷ் பரீட்சை.

பகலவன்: எதிரியோட மொழியைத் தெரிஞ்சு வச்சுக்கணும்ல. குடுடா அதை.

சித்தீக்: எதிரி வீட்டு மாடிப்படியில கம்பளம் போட்டிருக்கான், தெரிஞ்சு வச்சுக்க. சிவப்புக் கம்பளம். மேலேருந்து கீழ வரைக்கும்.

பகலவன்: எந்த வீட்டு மாடிப்படி?

சித்தீக்: ஐயாறு வீட்டுதான்.

பகலவன்: ஒனக்கு எப்படித் தெரியும்?

சித்தீக்: …அவங்கப்பா சொன்னாரு.

பகலவன்: எங்கிட்ட சொல்லலையே. எல்லாத்தையும் எங்கிட்ட மூணு தடவை சொல்வாரே.

சித்தீக்: நாலாவது தடவை எங்கிட்ட சொல்லியிருப்பாரு. நீ அந்தச் சீர்காழி சம்பந்தியம்மாவைப் பாத்தியா? பட்டுப்புடவை கட்டி, கீழ கேன்வாஸ் ஷூ.

பகலவன்: பாக்காம? முன் வரிசையில நட்டநடு நாற்காலி. மகளோட பிரசவத்துக்குன்னு போயி ஆறு மாசம் அமெரிக்காவுல இருந்தவங்களாச்சே. "நாங்க அங்க இருந்தப்ப தண்ணியே குடிக்கமாட்டோம், ஜூஸ்தான்." வெளக்கு வைக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டாங்க. "இப்ப பாப்பா வருவா பாருங்க, என்னைத்தான் தேடுவா, என் மடியை விட்டு இறங்கவேமாட்டா…"

சித்தீக்: ஐயாறு அம்மா பாவம், அந்தப் பக்கம் ஓரமா, கதவோட ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தாங்க. சொந்தப் பேத்தியை இன்னும் போட்டோவுல கூட சரியாப் பாக்கல.

பகலவன்: காப்பி ஆத்தறதுக்கும், ஒன் வீடியோ டெக்குக்குச் சந்தனப் பொட்டு வைக்கறதுக்கும்தான் அவங்களைக் கூப்பிட்டாரு மனுஷன். டெக்குக்குப் பொட்டு வச்சு சூடம் காட்டின வீட்டை நான் இப்பத்தான்டா பாக்கறேன்.

சித்தீக்: சாதா டெக்கா அது? மூணு சிஸ்டம், எந்த நாட்டு கேசட்டும் ஓடும். ஷார்ஜாவுலேருந்து மடியில வச்சுக் கொண்டாந்தது.

பகலவன்: தெரியும், தெரியும். வந்ததுலேருந்து அதைத்தானே சொன்னே. "ஓரத்துல இந்த சுவிட்ச் இருக்கே, இப்படித் தள்ளினா அமெரிக்கா, அப்படித் தள்ளினா இந்தியா"ன்னு, காப்பி கொண்டாந்தவங்க, பூக்காரம்மா, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க, ஒருத்தர் விடாம கிளாஸ் எடுத்தே. அப்பறம் ஏன் அமெரிக்கா தெரியல?

சித்தீக்: அதை நீதான் சொல்லணும்.

பகலவன்: நான் என்ன சொல்றது?

சித்தீக்: ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்ள. நேத்து நீ செஞ்சது பெரிய உபகாரம். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பகலவன்: நானா? நீதானே… நானும்தான் எவன்கிட்டயும் சொல்லல. ஒன் தொழில் கெட்டுடக் கூடாதுன்னு…

சித்தீக்: என் தொழில் ஏன் கெடணும்? இரு, இரு, நீ என்ன சொல்ற…

பகலவன்: டேய், வாயை மூடு. ஐயாறு அம்மா வர்றாங்க.

சித்தீக்: வாங்கம்மா, வாங்க. ஃபேனுக்கு நேரா உட்காருங்க. பகலவா, அந்த ஸ்டூலைத் தள்ளு.

மங்களாம்பிகை: இருக்கட்டும் தம்பி. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? காலையில சாப்பிட்டீங்களா?

பகலவன்: ஆச்சும்மா. ஐயா எப்படி இருக்காங்க?

மங்களாம்பிகை: ரூமை விட்டு வெளியில வரல. நன்னிலத்து கரண்டு அமெரிக்கா கேசட்டைத் தாங்கலையாம். மின்சார வாரியத்துக்குப் புகார் எழுதப் போறாராம்.

பகலவன்: எழுதட்டும்மா. கரண்டு மேல தப்பு இருந்தாலும் இருக்கும்.

மங்களாம்பிகை: சம்பந்தியம்மா இப்பத்தான் பஸ் ஏறினாங்க. ஏத்திவிட்டுட்டு நேரா இங்க வர்றேன்… அந்த கேசட்டு ஒங்கிட்டதானே இருக்கு?

சித்தீக்: இருக்கும்மா. ஆனா அது… பூஞ்சணம் புடிச்சுப்போச்சு. அவ்ளோ தூரம் கடல் தாண்டி வருதுல்ல.

மங்களாம்பிகை: ஓ.

பகலவன்: தஞ்சாவூருக்கு அனுப்பிப் பாக்கலாம்மா. அங்க துடைச்சுக் குடுக்கறவங்க இருக்காங்க.

மங்களாம்பிகை: எனக்கு அந்த வீடு வேணாம்ப்பா. காரு, பனி, ஒண்ணும் வேணாம். புள்ள நடக்கறாளாம். ஒரே ஒரு தடவை அதைப் பாத்துட்டா போதும். அப்பறம் இன்னொண்ணு. மொதப் பொறந்தநாளுக்கு நானே மிஷின்ல தச்சு ஒரு சட்டை அனுப்பினேன். சீர்காழியிலேருந்தும் அவங்க ஒரு சட்டை எடுத்து அனுப்பினாங்க. புள்ள எதைப் போட்டுக்கிட்டு நடக்கறாளோன்னு… கேட்டா சின்னத்தனமா இருக்கும். மருமககிட்ட எப்படிக் கேக்கறது? படம் புடிச்ச அன்னைக்கு என்னோடதைப் போட்டுவிட்டிருந்தா, அதுவே எனக்குப் போதும்.

பகலவன்: ஒங்களதைத்தாம்மா போட்டிருப்பாங்க.

மங்களாம்பிகை: நீ எப்படிப்பா சொல்ற?

பகலவன்: சும்மா… ஒரு இதுக்குச் சொன்னேன்.

மங்களாம்பிகை: கையில அளவு இல்லாம தச்சது. இங்க ஒரு வயசுப் புள்ளையை வச்சு அளந்தேன். அங்க பாலு, சீஸுன்னு குடுத்து வளக்கறாங்க… கக்கத்துல பிடிக்குதோ என்னமோ.

சித்தீக்: பிடிக்கலம்மா.

மங்களாம்பிகை: என்னப்பா?

சித்தீக்: நல்லாத்தாம்மா இருக்கு. ஒண்ணும் கவலப்படாதீங்க. கச்சிதமா இருக்கு. கழுத்துல ரிப்பன் வச்சு, அந்த மஞ்சள் சட்டையில தத்தித் தத்தி மாடிப்படி வரைக்கும் வந்து, கம்பளத்துல தொப்புன்னு உட்கார்ந்து, அழாம சிரிச்சுக்கிட்டு…

பகலவன்: டேய்.

மங்களாம்பிகை: மஞ்சளா?

சித்தீக்: அது வந்தும்மா…

மங்களாம்பிகை: நான் தச்சது கிளிப்பச்சை.

பகலவன்: கோட்டுக்குள்ள கருப்பு வெள்ளையில தெரிஞ்சதை இவன் என்னமோ மஞ்சள்னு… கண்ணு சரியில்லம்மா இவனுக்கு.

மங்களாம்பிகை: ரிப்பன் வச்ச மஞ்சள் சீர்காழியிலேருந்து போனது. கடையில எடுத்ததும் எங்கிட்டதான் கொண்டாந்து காட்டினாங்க… சித்தீக்கு, நீ முழுசாப் பாத்துட்ட.

சித்தீக்: பாத்துட்டேம்மா. டிவியும் டெக்கும் கடைக்குத் திரும்பினதும்… கலர்ல போட்டுப் பாத்தேன். கேசட்டுல ஒரு கோளாறும் இல்ல. அந்த சுவிட்ச்தான் இந்தியா பக்கம் கிடந்துச்சு. நேத்து படம் ஓட ஆரம்பிச்சதுமே கவனிச்சேன். அமெரிக்கா பக்கம் தள்ளிவிட ஒரு நொடி ஆகாது. ஆனா… தள்ளல. ஊரே உட்கார்ந்து ஐயாறு வீட்டை வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கப் போவுதேன்னு… மனசு வரல. இவன் வேற தள்ளிவிட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தானா, சரி, கெடக்கட்டும்னு நானும்…

பகலவன்: நானா? நான் எங்கடா தள்ளினேன்? நானும் பார்த்தேன், சுவிட்ச் தப்பா கிடக்கறதை. நீதான் வேணும்னே அப்படி வச்சிருக்கேன்னு நினைச்சு, மனசுக்குள்ள ஒனக்குக் கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தேன்.

சித்தீக்: நான் அமெரிக்கா பக்கம் வச்சிட்டுத்தான்டா கேசட்டையே உள்ள விட்டேன்.

பகலவன்: பாத்துட்டு எங்கிட்டயும் சொல்லாம கம்பளம் வரைக்கும் கதை விட்டியே. பெரிய பாட்டில் புத்திடா ஒனக்கு.

சித்தீக்: அப்ப யாருதான் தள்ளினது?

மங்களாம்பிகை: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா… புள்ள விழுந்துட்டு அழவே இல்லையா?

சித்தீக்: இல்லம்மா. ஒங்களை மாதிரியே சிரிக்குது. கன்னத்துல குழி. இருங்க, இப்பவே போடறேன். கேசட்டு உள்ளதான் இருக்கு. பகலவா, அந்தக் கதவைச் சாத்து, வெளிச்சம் வருது. கலர்ல பளிச்சுன்னு தெரியும் பாருங்கம்மா.

மங்களாம்பிகை: கலர் வேணாம்ப்பா.

சித்தீக்: என்னம்மா?

மங்களாம்பிகை: டிவியில அந்தக் கலர் குறைக்கற திருகு ஒண்ணு இருக்குமே. அதை முழுசாக் குறைச்சு வச்சுப் போடு.

சித்தீக்: அதைக் குறைச்சா கருப்பு வெள்ளையாயிடுமேம்மா. பச்சை எது, மஞ்சள் எதுன்னு தெரியாது.

மங்களாம்பிகை: தெரிய வேணாம்ப்பா. சீர்காழி அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு யாரோட சட்டைன்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான், பொட்டு வைக்கும்போதே டெக்கு சுவிட்சை இந்தியா பக்கம் தள்ளிவிட்டேன்.