விருந்தாளிகள் தூங்கும் படம்

இந்த அறையின் கதவு தானாகத் திறந்துகொள்கிறதே, அதற்குக் காரணம் மேல்கீல் தளர்ந்திருப்பதுதான். ஒரு திருப்புளி இருந்தால் நானே முறுக்கிக் கொடுத்துவிடுவேன். என் கையில் எதையும் தர மாட்டீர்கள் என்று தெரியும். சும்மா சொல்லிவைத்தேன்.

கேட்டதற்கு வருகிறேன். வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் போடுவது என் தொழில். குழாயைப் போட்டதும் பாதி வேலைதான் முடிகிறது. வீட்டுக்காரர்களை நிற்கவைத்து, எதைத் திறக்கவேண்டும், எதை ஒருபோதும் மூடக்கூடாது என்று புரியும்படி சொல்வது மீதிப் பாதி. எனக்குப் பிடித்தது அந்தப் பாதிதான். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று விளங்கியதும் மனிதர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் வீட்டில் மட்டும் அதை நான் பார்த்ததில்லை.

அந்தப் படத்தை என் மனைவியின் தம்பி கொடுத்தான். எங்கள் கல்யாண நாளுக்கு, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கேலிப் பத்திரிகை ஒன்றில் வந்த படமாம். கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தான். படத்தில் ஒரு கூடம். நடுவில் தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர், சுவரில் உள்ள காற்றழுத்தமானியைச் சுட்டிக்காட்டி ஏதோ விளக்குகிறார். சுற்றிலும் விருந்தாளிகள் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள். அவர் மனைவி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு தூங்குகிறாள். நாயும் தூங்குகிறது. அடியில் பிரெஞ்சில் ஒரு வரி. ‘இத்துடன் முன்னுரை முடிந்தது’ என்று அதற்கு அர்த்தமாம்.

“மாமா, உங்க கொள்ளுத் தாத்தா அந்தக் காலத்துலயே வெளிநாடு போயிருக்காரு பாருங்க,” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

நான் கோபப்படவில்லை. அந்தக் காலத்தில் இத்தகைய படங்களைக் கல்லிலிருந்து அச்சடித்தார்கள். வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த குச்சியால் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு, எண்ணெய் மையை அதன்மேல் உருட்டுவார்கள். நனைந்த இடம் மையை ஒதுக்கிவிடும், கொழுப்புள்ள கோடு பிடித்துக்கொள்ளும். செதுக்கவே வேண்டாம். எண்ணெயும் நீரும் சேராது என்ற ஒன்றை மட்டும் நம்பி ஒரு முழுப் படம். இதைச் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, இந்தப் படத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரிவதால் இது கல்லச்சு இல்லை, பிற்காலத்து நகல் என்று காட்டக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சினன் சைகை காட்டியிருக்கிறான். என் மனைவி ஒரு காகிதத் தட்டால் முகத்தை மறைத்திருந்தாள். தட்டு குலுங்கியது.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த விளையாட்டு நடந்தது. நான் பேச வாயெடுத்தால் போதும், ஒருவர் தலை சாய்வார்.

குளிர் தொடங்கியபோது மச்சினன் வேலை மாற்றலாகி வந்து எங்களோடு தங்கினான். பின்னறையைக் கொடுத்தோம். அதை ஒட்டிய குளியலறையில் எரிவாயுவில் வெந்நீர் போடும் கருவி இருந்தது. புகைபோக்கி இல்லாத பழைய வகை, அறைக் காற்றைத்தான் குடிக்கும். அதற்காகவே வெளிச்சுவரில் ஒரு காற்றுத்துளை விட்டிருந்தேன். குளிக்கும்போது அதன் வழியே குளிர்காற்று முதுகில் அடிக்கிறது என்று அவன் கூடத்திலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்த் துளையின்மேல் மாட்டினான்.

“மாமா, உங்களைக் குளியலறைக்கு மாத்திட்டேன். இனிமே நான் சோப்பு போடும்போதும் பாடம் எடுக்கலாம்.”

“தம்பி, அந்தத் துளை எதுக்குன்னா...” என்று ஆரம்பித்தேன்.

அவன் உடனே தலையைத் தோளில் சாய்த்தான். “முன்னுரை முடிஞ்சதும் எழுப்புக்கா,” என்றான் என் மனைவியிடம்.

நான் நிறுத்திக்கொண்டேன். வேண்டாம் என்பவரிடம் விளக்கத்தைத் திணிப்பது நாகரிகம் இல்லை.

இதுவரை கேட்டதை வைத்து அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள். கயிற்றில் தொங்கும் சட்டம் சுவரோடு ஒட்டி நிற்காது. மேல்பக்கம் சற்று முன்னால் சாயும், பின்னால் சந்து விடும். அந்தச் சந்தில் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. காற்று பலமாக அடித்தால் சட்டம் சுவரில் தட்டும்.

“கொள்ளுத் தாத்தா லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு மாமா. ஏதாவது பண்ணுங்களேன்,” என்றான்.

கேட்டான், செய்தேன். சட்டத்தின் பின்புறம் சுற்றிலும் நுரைப்பட்டை ஒட்டி, திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கினேன். கதவின் அடிச்சந்துக்கும் ஒரு பட்டை ஒட்டினேன். அதை அவன் கேட்கவில்லை. ஓரங்களில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு இழைக் காற்றுகூட வரவில்லை. சுத்தமான வேலை.

அன்றே என் மனைவியைச் சமையலறையில் உட்காரவைத்து, “நீ பின்பக்கம் குளிக்காதே,” என்றேன். ஏன் என்றாள். காற்று குறைந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும், மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயு வரும், பிராணவாயுவைவிட அதைத்தான் ரத்தம் ஆவலாக வாங்கிக்கொள்ளும், ஆளுக்கு அசதிபோலத்தான் தெரியும் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். துளையை நான் இறுக்கி அடைத்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. நல்ல பாடம் கடைசிப் படியைக் கேட்பவருக்கு விட்டுவைக்கும்.

அவள் வெங்காயம் உரித்தபடியே கொட்டாவி விட்டாள். “சரிங்க, முன்பக்கமே குளிச்சுக்கறேன். இதுக்கு இவ்வளவு பெரிய கதையா?”

அவள் தம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த வழியை நான் அடைக்கவில்லை.

மறுநாள் விடுமுறை. அவன் குளிக்கப் போனான். நான் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுடைய பாட்டு நின்றது. “இவன் என்ன இன்னும் வரல?” என்று அவள் எழுந்தாள். “சுடுதண்ணி கிடைச்சா விடுவானா, வருவான் உட்காரு,” என்றேன். அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவன் முடியட்டும் என்றுதான் அவளை உட்காரவைத்தேன். ஆமாம், நான்தான் கொன்றேன்.

நேற்று உங்கள் அதிகாரி அவள் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். சுடர் மஞ்சளாவது, மணமில்லாத வாயு, ரத்தம் ஆவலாக வாங்கிக்கொள்வது எல்லாம் நான் சொன்ன வரிசையில், என் சொற்களிலேயே இருந்தன. எதையும் விடவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இத்தனை வருஷமும் அவள் என் பேச்சைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்களுக்குள் மனக்கசப்பு இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.