கடைசி எழுத்து

— மறுபடியும் சொல்லு தம்பி. மெஷின் சத்தத்துல காதுல விழல. என்ன வேணும்னு கேட்டே?

— பாஸ்வேர்டுக்கா. அந்தச் சூதாட்ட ஆப்போட பாஸ்வேர்டு.

— அடேங்கப்பா! ரெண்டு மாசம்கூடத் தாங்கலயா? "நீயே மாத்தி வெச்சுக்கோக்கா, நான் கால்ல விழுந்தாலும் சொல்லாதே"ன்னு இதே தையல் மெஷின் மேல அடிச்சுச் சத்தியம் பண்ணினியே. சத்தியத்துக்கும் லீவு விட்டாச்சா?

— சொல்றதக் கேளுக்கா...

— கேக்க என்னடா இருக்கு? பெரிய லிஃப்ட் மெக்கானிக்! எட்டுப் பேருக்கு மேல ஏறாதீங்கன்னு ஊருக்கெல்லாம் போர்டு மாட்டுற. உனக்குன்னு ஒரு போர்டு மாட்டத் துப்பில்ல. "பத்தாவது மாடியில லிஃப்ட் மாட்டிக்கிச்சு"ன்னு பொண்டாட்டிகிட்ட புளுகிட்டு, கக்கூஸ் கதவச் சாத்திக்கிட்டு ஆடினவன்தானே நீ?

— ஆமாக்கா, நான்தான். இல்லன்னு சொன்னேனா?

— இதுல அந்த ஆப்பு வேற புத்தி சொல்லுது. ஒரு மணி நேரம் ஆனா மஞ்சக் கட்டம் ஒண்ணு வந்து, "அளவோடு ஆடுங்கள், சற்றே இளைப்பாறுங்கள்"ங்குது. ஆட்டுக்கு நரி வழி சொன்ன கதையா!

— மஞ்சக் கட்டமா? நான் ஆடினப்ப அப்படி எதுவும் வந்ததில்லையே.

— எங்கயோ படிச்சேன். பேச்ச மாத்தாதே. பாஸ்வேர்டு கிடையாது, போ.

— ஆடுறதுக்கு இல்லக்கா. கணக்கையே அழிக்கணும். அவ கீழ வண்டியில உக்காந்திருக்கா, பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு. "என் கண்ணு முன்னால அழி, வீட்டுக்கு வரேன். இல்லன்னா வண்டிய இப்படியே எங்கம்மா வீட்டுக்குத் திருப்பச் சொல்லிடுவேன்"ங்கிறா.

— அழிக்கவா? எதுக்குடா அழிக்கணும்?

— என்னக்கா, நீ போய் இப்படிக் கேக்குற?

— இல்ல... மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராவது வீட்டைக் கொளுத்துவாங்களா? பாஸ்வேர்டுதான் என்கிட்ட பத்திரமா இருக்கே. மனசுல கட்டுப்பாடு இருந்தா போதாதா? அழிச்சிட்டு ஓடி ஒளியறதெல்லாம் ஒரு வீரமா?

— போதும்னா அவ ஏன் வண்டியிலயே உக்காந்திருக்கா? முதல்ல உன் போனை எடு. மூணு தடவை துடிச்சிடுச்சு.

— துணிக்கடைக்காரனா இருக்கும். கிடக்கட்டும்.

— அக்கா, இது என்ன? இந்தச் சட்டைக்கு ரெண்டும் இடது கையா வெட்டி வெச்சிருக்கே?

— கண்ணு மங்குது. வயசாகலயா எனக்கு?

— இருபது வருஷமா உன் கத்திரி தப்பி நான் பாத்ததில்ல.

— வந்துட்டான் எனக்குக் குத்தம் சொல்ல! ஊர்ல இருக்கிறவன் சட்டைக் கையெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியும், உன் வீடு முங்கினது தெரியாது. இந்தா, வாங்கிக்கோ. கேட்டு வாங்குற அன்னைக்காவது உறைக்கட்டும்னு தேடித் தேடி வெச்சேன். "மானங்கெட்டவன்." அதான் பாஸ்வேர்டு. அடி, பாப்போம்.

— நல்லாத்தான் வெச்சிருக்கே. அளவெடுத்துத் தெச்ச மாதிரி எனக்குப் பொருந்துது. அடிக்கிறேன்... தப்புங்குதே.

— அவசரக்குடுக்கை! ஒழுங்கா அடிடா.

— ஒழுங்காத்தான் அடிச்சேன். ரெண்டாவது தடவையும் தப்பு. இன்னொரு வாட்டி தப்பினா ஒரு வாரத்துக்குப் பூட்டிக்குமாம். அக்கா, ஹாரன் கேக்குதா? அவதான் அடிக்கச் சொல்றா. பாப்பா வேற அழுவுது. நல்லா யோசிச்சுச் சொல்லு, வேற ஏதாவது வெச்சியா?

— இருடா, இந்தத் தையல முடிச்சிட்டுச் சொல்றேன்.

— மெஷினை ஏன் ஓட்டுற? ஊசியில நூலே இல்லையே. அக்கா, என்னைப் பாரு.

— பத்து நாளைக்கு முன்னால மாத்தினேன்.

— எதுக்கு? எனக்குத்தான் பழசே தெரியாதே. யாருக்கு உறைக்கணும்னு மாத்தின?

— கடைசி எழுத்த மட்டும்தான்டா மாத்தினேன். "ன்" இல்ல... "ள்".